கடல்மேல் பெய்த மழைக்குச் சாட்சி எத்தனை?

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவோர் முதலில் ஏடு தேடுவர். பின்னர், கிடைத்த ஏடுகளின் வழி எதுவென்று தேடுவர். ஐந்து ஏடுகளுள் நான்கு ஒரு பாடத்தையும் எஞ்சிய ஒன்று வேறொரு பாடத்தையும் காட்டுமாயின், நான்கின் பக்கமே உண்மை என்று தலையெண்ணி முடிவு கட்டுவது பதிப்பாசிரியருக்கு அழகாகாது. அந்த நான்கும் ஒரே தாயேட்டைப் பார்த்து எழுதப்பட்ட படிகளாக இருந்துவிட்டால், சாட்சி ஒன்றே. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் காலந்தொட்டுத் தமிழறிஞர் போற்றிவரும் இந்நெறியை ஆசிரிய அன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பருவக்காற்றுக் காலத்தில் கரையோரக் கடல்மீது பெய்யும் மழையைப் பற்றி இன்று வழங்கும் கணக்குகளையும், அவற்றை ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளையும் இந்த நெறிகொண்டு ஆராய்வதே இங்கு என் நோக்கம்.

நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், தென்சீனக் கடலின் வண்ணப்படங்கள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. மாணவர்களும் அவற்றை வெட்டி ஒட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர்க் கரையோரம் செந்நிறம். சற்று அப்பால் மஞ்சள். அதற்கும் அப்பால் பச்சை. கீழே ‘துணைக்கோள் அளந்த மழை’ என்று ஒரு வரி. அந்த வரியிலுள்ள ‘அளந்த’ என்னும் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. துணைக்கோள் எதுவும் மழையை அளப்பதில்லை. மேகத்திலிருந்தும் மழைத்துளியிலிருந்தும் வரும் கதிரை அது அளக்கிறது. அக்கதிரிலிருந்து மழையை வருவிப்பவர் மனிதர். நிலத்தில் வருவித்தது சரியா என்று பார்க்க மழைமானி இருக்கிறது. கடலில் என்ன இருக்கிறது?

இங்கு ‘மழைக்கணக்கு’ என்று நான் குறிப்பது, உலகப் பரப்பைக் கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் இந்த நாளில் அல்லது இந்த மாதத்தில் இத்தனை மில்லிமீட்டர் மழை என்று எண் நிரப்பிய அட்டவணையை. ‘தரவுத் தொகுதி’ என்பாரும் உளர். அச்சொல்லில் குற்றமில்லை. ஆயினும் ‘தரவு’ என்றதும் யாரோ கையில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனது போன்ற பொருள் தொனிக்கிறது. இவை தரப்பட்டவை அல்ல, கணக்கிட்டு வருவிக்கப்பட்டவை. ஆதலின் கணக்கு என்றே சொல்லி மேலே செல்கிறேன்.

கடல்மழையை வருவிக்கும் வழிகளுள் மிகப் பழையது அகச்சிவப்பு வழி. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரத்தில் அது இருக்கிறது. உயர்ந்த மேகம் மழை மேகமாக இருக்கக்கூடும் என்பது எடுகோள். உச்சியின் வெப்பநிலை 235 கெல்வினுக்குக் கீழே போனால் அப்பரப்பில் மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை என்று கணக்கெழுதும் எளிய முறை ஒன்று நெடுநாள் வழக்கில் இருந்தது. ஒரு கட்டத்தின்மேல் அத்தகைய மேகம் எட்டு மணி நேரம் நின்றால் 24 மில்லிமீட்டர். பெரும்பரப்பில், மாதக்கணக்கில் எடுத்தால் இம்முறை வெட்கப்படும்படி இல்லை. ஆனால் இடிமேகத்தின் தலையிலிருந்து விரிந்து காற்றோடு நெடுந்தூரம் செல்லும் வெண்படலத்துக்கும் இதே 3 மில்லிமீட்டர்தான்; அப்படலத்தின் அடியில் ஒரு சொட்டும் விழாமலிருக்கலாம். மறுபக்கம், மலையை முட்டி எழும் தாழ்ந்த மேகம் ஓயாமல் கொட்டினாலும், அதன் உச்சி குளிராத காரணத்தால் கணக்கில் சுழியம் விழும்.

அடுத்தது நுண்ணலை வழி. இதுவே இன்றைய கணக்குகளின் உயிர்நிலை. நம் கரையோரச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது என்பதால் இதில் சற்று நின்று செல்ல வேண்டும். நுண்ணலைக் கருவிக்குக் கடல் குளிர்ந்த தரையாகத் தோன்றும். ஏனெனில் நீர்ப்பரப்பு, தன் வெப்பத்துக்கேற்ற கதிரில் ஏறத்தாழப் பாதியைத்தான் வெளிவிடுகிறது. அக்குளிர்ந்த பின்னணியின்மேல் மழைத்துளிகள் வெப்பமாகத் தெரியும். கரும்பலகையில் சுண்ணக்கட்டி எழுத்துப்போல மழை கண்ணுக்குத் தெளிவாகப் படுகிறது. நிலமோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கதிர்விடும் வெப்பமான தரை. அதன்மேல் மழைத்துளி வெள்ளைச் சுவரில் எழுதிய சுண்ணக்கட்டி எழுத்தாகிவிடுகிறது. ஆகவே நிலத்தில் துளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேகத்தின் உயரத்திலுள்ள பனிக்கட்டித் துகள்கள் கதிரைச் சிதறடிப்பதைப் பார்த்து, ‘மேலே இவ்வளவு பனிக்கட்டி இருந்தால் கீழே இவ்வளவு மழை’ என்று வருவிக்கிறார்கள். கடலில் துளியே சாட்சி. நிலத்தில் பனிக்கட்டி சாட்சி. இருவேறு சாட்சிகள், இருவேறு மொழிகள்.

கரை என்பது எது? பூகோளப் படத்தில் அது ஒரு கோடு. நுண்ணலைக் கருவிக்கு அது ஒரு பட்டை. 1987-இல் பறக்கத் தொடங்கிய எஸ்.எஸ்.எம்.ஐ. என்னும் கருவி 19 கிகாஹெர்ட்சு அலையில் ஒரே பார்வையில் பார்க்கும் பரப்பு 69 கிலோமீட்டர் நீளமும் 43 கிலோமீட்டர் அகலமும் உடையது. கரையிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி மீன்பிடிக்கும் படகின்மேல் அதன் பார்வை விழுந்தால், பார்வையின் ஓரத்தில் கரை நிலமும் கலந்துவிடும். நிலம் வெப்பமாகத் தெரிவதால், கடல் முறையில் கணக்கிட்டால் பெய்யாத மழை பெய்ததாக முடியும். நிலத்து முறையில் கணக்கிட்டால் பெய்த சிறுமழை மறைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் கரைக்கென்று ஒரு முறை வகுத்தும் பார்க்கிறார்கள். எவ்வாறாயினும், இரு துணிகளை இணைத்த தையல் அந்தப் பட்டையில் இருக்கிறது. செந்நிறம் மஞ்சளாக மாறும் எல்லை படத்தில் கரையோடு ஒட்டி ஓடக் கண்டால், மழை அங்கே மாறியதா, கணக்கு அங்கே மாறியதா என்று கேட்க வேண்டும்.

இதில் எனக்குப் பெரிதும் பிடித்தது ஜெர்மனியில் தொகுக்கப்பட்ட ஹோஆப்ஸ் என்னும் கடற்கணக்கு. அது கடலை மட்டும் பேசும், நிலத்தைப் பேசாது. கரையை ஒட்டிய ஏறத்தாழ 50 கிலோமீட்டரையும் வெறுமையாக விட்டுவிடும். சிதைந்த ஏட்டில் எழுத்து மறைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மை அது. வேறு சில கணக்குகளோ, விட்ட இடத்தைத் தம் சொற்களால் நிரப்பி, நிரப்பினோம் என்றும் சொல்லாத பதிப்புகளைப்போல், கட்டந்தோறும் எண் தந்து நிற்கின்றன. படம் பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான்.

மூன்றாவது வழி ரேடார். 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய டிரம் என்னும் துணைக்கோள்தான் மழை காணும் ரேடாரை முதன்முதலாக வானுக்குக் கொண்டுசென்றது. 2014 பிப்ரவரியில் அதன் வழித்தோன்றலாக ஜி.பி.எம். ஏவப்பட்டது. டிரம்மின் பணி 2015-இல் முடிந்தது. ரேடாருக்கு நிலமும் கடலும் ஒன்றே. தன் அலையை அனுப்பித் துளியில் பட்டு மீள்வதைக் கேட்கிறது. அதனால் கரையில் தையல் விழுவதில்லை. ஆயினும் அதன் பார்வை ஏறத்தாழ 245 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நாடாதான். ஒரே இடத்துக்கு அது திரும்பி வருவதற்குள் எத்தனையோ மழை பெய்து ஓய்ந்துவிடும். தரையிலிருந்தும் அலை மீள்வதால், கீழேயுள்ள ஒரு கிலோமீட்டர் அளவு, நாடாவின் விளிம்பில் அதற்கு மேலும், அதற்குப் புலப்படாது. மென்தூறலும் அதன் காதில் விழாது.

இனி ஏடுகளின் வழிமுறைக்கு வருவோம். 1979 முதல் மாதக்கணக்குத் தரும் ஜி.பி.சி.பி.; அதே ஆண்டு தொடங்கும் சீமாப்; துணைக்கோள்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் மழையை மேகத்தோடு நகர்த்திச் செல்லும் சீமார்ஃப்; ஜப்பானியரின் ஜீஎஸ்மாப்; அரைமணிக்கு ஒருமுறை, 0.1 பாகைக் கட்டத்தில் எண் தரும் ஐமெர்க். பெயர்கள் ஐந்து. ஆனால் ஐமெர்க்கின் உள்ளே சீமார்ஃபின் நகர்த்தும் முறை குடியிருக்கிறது. நிலத்தில் ஐமெர்க்கின் இறுதிப் படியைத் திருத்தும் மழைமானித் தொகுப்பும், ஜி.பி.சி.பி.யைத் திருத்தும் தொகுப்பும் ஜெர்மானிய வானிலைத் துறையின் ஜி.பி.சி.சி. என்னும் ஒரே நிலையத்திலிருந்து வருவன. ஐமெர்க்கும் ஜீஎஸ்மாப்பும் கணக்கிடும் முறையில் வேறுபட்டாலும், பெரும்பாலும் அதே துணைக்கோள்களின் கதிரைத்தான் இரண்டும் படிக்கின்றன. ஐமெர்க்கில் சேரும் பல துணைக்கோள்களின் நுண்ணலைக் கணக்கும் ஜி.பி.எம். ரேடாரைத் தாயேடாக வைத்துப் பழக்கப்பட்டது. ஆகவே கடல்மேல் இவை ஒத்திருப்பதைக் கண்டு, ‘ஐந்து கணக்குகளும் ஒருமுகமாகக் கூறுகின்றன’ என்று எழுதுவது தவறான வாதம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே முகமாக இருப்பதில் வியப்பென்ன?

இவற்றோடு குருதித் தொடர்பு குறைந்த ஒரு சாட்சி ஐரோப்பிய வானிலை மையத்தின் இ.ஆர்.ஏ. 5. 1940 முதல் மணிக்கணக்காக, 31 கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்தில் அது எண் தருகிறது. ஆனால் அதன் மழை, காற்றும் வெப்பமும் ஈரமும் பற்றிய அவதானங்களை ஏற்றுக்கொண்ட கணிப்பு மாதிரி தானே பெய்வித்த மழை. நம் கடல்களில் எந்த மானியும் அதற்கு மழையளவு சொல்லித் தருவதில்லை. இத்தகைய மாதிரிகள் சிறுதூறலை அடிக்கடி பெய்விக்கும். பெருமழையை அடக்கி வாசிக்கும். நிலத்தில் பிற்பகல் மழையை நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். வேறு குடும்பத்துச் சாட்சி என்பதால் அதனை மதிக்கிறேன். கண்ணால் கண்ட சாட்சி என்று கொள்ளமாட்டேன்.

கட்டத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். ஜி.பி.சி.பி.யின் பழைய பதிப்புகளின் கட்டம் 2.5 பாகை, நம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் அஃது ஏறத்தாழ 278 கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக அகன்ற இடமே 320 கிலோமீட்டர் அளவுதான். ஒரு கட்டத்துக்குள் கடலும் கரையும் தித்திவாங்சா மலைத்தொடரும் ஒன்றாக அடங்கிவிடும். அத்தகைய கட்டத்தை வைத்துக்கொண்டு ‘கரையோரக் கடல்மழை’ என்று பேசுவது, முழு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைச் சொல்லி முருகன் தேறினானா என்று கேட்பதைப் போன்றது.

அளவைவிட எனக்கு முதன்மையாகப் படுவது நேரம். இதற்குச் சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 1978 டிசம்பரில், உலக நாடுகள் கூடி நடத்திய பருவக்காற்று ஆராய்ச்சியின் குளிர்காலப் பகுதிக்குக் கோலாலம்பூரே தலைமையிடமாக இருந்தது. சரவாக்கில் பிந்துலுவில் ரேடார் நிறுத்தப்பட்டது; வட போர்னியோவுக்கு அப்பால் சோவியத் ஆராய்ச்சிக் கப்பல்கள் மூன்று முக்கோணமாக நின்றன. ராபர்ட் ஹௌஸ் முதலியோர் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அங்குக் கண்ட மழையின் நாள்முறையைத் தெளிவாக்கியது. பிற்பகலிலும் மாலையிலும் நிலத்தில் மழை. நள்ளிரவை ஒட்டி, கரையிலிருந்து கடல்நோக்கி இறங்கும் நிலக்காற்று எதிரே வரும் பருவக்காற்றை முட்டும் இடத்தில், கரைக்குச் சற்று அப்பால் புதுமேகங்கள் எழும். அவை ஒன்றுகூடிப் பெருகி, காலை எட்டு மணி அளவில் பெரும்பரப்பை மூடிப் பொழியும். நண்பகலுக்குமேல் தேய்ந்து மறையும். இரவுதோறும் கடலுக்குப் போகும் மீனவர் இதனை எந்த ரேடாரும் இன்றி அறிந்திருப்பர். அளவோடு எழுதி வைத்தது அந்த ஆண்டின் ஆராய்ச்சி.

இந்த நாள்முறையை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய நுண்ணலைத் துணைக்கோள்களைப் பாருங்கள். அவை நாள்தோறும் குறித்த இரு வேளைகளில் மட்டும் ஓரிடத்தைக் கடப்பவை. 1987-இல் ஏவப்பட்டது ஏறத்தாழக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கடந்தது. நடுக்கடலில் இதனால் பெருங்கேடு இல்லை. கரையோரக் கடலிலோ காலை ஆறு மணி என்பது மழை பெருகிக்கொண்டிருக்கும் வேளை. மாலை ஆறு, ஓய்ந்த வேளை. இரண்டின் சராசரி அந்த நாளின் சராசரியாகுமா? ஒரு நேரத்தில் சற்று முன்னும் பின்னும் கடக்கும் மற்றொரு துணைக்கோள் வேறு எண் தரும். பெய்த மழை ஒன்றாகவே இருந்தாலும் கணக்கு இரண்டாகும். டிரம்மின் பாதை இக்குறையைத் தீர்க்கவே சாய்த்து வகுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 46 நாளில் ஓரிடத்தை எல்லா மணிகளிலும் பார்த்து முடித்தது. ஆகவே நாள்முறை மழைக்கு டிரம் சிறந்த சாட்சி. ஆனால் அது பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான். ஒரு குறிப்பிட்ட டிசம்பர் நாளின் மழையைக் கேட்டால் அந்தச் சாட்சி பெரும்பாலும் ‘அப்போது நான் அங்கில்லை’ என்றே சொல்லும்.

அதே 1978 டிசம்பர் 2-ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இன்று கடல்மழையை ஒப்பிடுவோர் பெரிதும் கையாளும் ஜி.பி.சி.பி.யும் சீமாப்பும் 1979 சனவரியில் தொடங்குகின்றன. ஒரு மாத இடைவெளியில் அந்நாள் அவற்றின் கைக்கு எட்டாமல் போயிற்று. கிடைக்கும் கணக்கின் தொடக்கம்தான் மழையின் தொடக்கம் என்று எண்ணுவோர்க்கு இதனைச் சொல்லி வைக்கிறேன்.

இனி, ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளைப் பற்றிச் சில கூறவேண்டும். பலவற்றில் ‘ஒட்டுறவு எண் 0.9’ என்று பெருமிதத்தோடு எழுதியிருக்கும். மாதமழையை மாதமழையோடு ஒப்பிட்டால் இவ்வெண் உயர்ந்தே தீரும். கிழக்குக் கரையில் டிசம்பர் மழைமாதம், பிப்ரவரியும் மார்ச்சும் மழை குறைந்த மாதங்கள் என்பதை இரு கணக்குகளும் அறிந்திருந்தால் போதும். அவ்வளவை எங்கள் பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் அறியும். பருவத்தின் ஏற்றஇறக்கத்தைக் கழித்துவிட்டு, இந்த டிசம்பர் சென்ற டிசம்பரைவிட எவ்வளவு கூடிற்று என்பதில் இரு கணக்குகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே தேர்வு. அதிலும் கரைப்பட்டையைத் தனியே பார்க்க வேண்டும். கடல், கரை, நிலம் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி ஒரே எண் தந்தால், நடுக்கடலின் நல்லெண்ணிக்கை கரைப்பட்டையின் குறையை மறைத்துவிடும்.

மானியால் திருத்தப்பட்ட கணக்கை அதே மானிகளைக்கொண்டு தேர்வு செய்து, ‘மிகச் சரியாக உள்ளது’ என்று சான்றிதழ் வழங்குவதையும் காண்கிறோம். விடையைப் பார்த்து எழுதியவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பது எந்தப் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்த முறையோ, அறியேன். கரையோர நகரின் மானியைக்கொண்டு கடல்கட்டத்துக்கு மதிப்பெண் போடுவதும் இத்தகையதே. கரையில் மழைபெய்யும் வேளை வேறு, கடலில் பெய்யும் வேளை வேறு என்று மேலே கண்டோம்.

இன்னொரு வழக்கம், கணக்குகள் முரண்படும்போது எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பது. முதற்பார்வைக்கு நடுநிலைபோலத் தோன்றும். ஆனால் உறவினர் நால்வரையும் அயலார் ஒருவரையும் கூட்டி வகுத்தால், உறவினர் பிழையே நாலு பங்கு ஏறும். பாடபேதத்தில் ‘கண்’ என்று ஓர் ஏடும் ‘மண்’ என்று ஓர் ஏடும் சொன்னால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைப் பதிப்பிக்க முடியுமா? கணக்குகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை அழிப்பதைவிட, அந்த வேறுபாட்டையே படமாக வரைந்து காட்டுதல் பயனுடைய வேலை. வேறுபாடு பெருகும் இடம் எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் கரையும் மலையும் தீவும் இருக்கும் இடமாகவே அது அமையும்.

இது நம் கடலுக்கு மட்டும் உரிய குறையன்று. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவின் மேற்குக் கரையில் மேற்குத்தொடர்ச்சி மலையை முட்டும்போதும், மியன்மாவின் அராக்கான் கரையை முட்டும்போதும் இதே காட்சிதான். மலைச்சரிவில் தாழ்ந்த மேகம், பனிக்கட்டி குறைவு, ஓயாத மழை. நிலத்து நுண்ணலை முறை பனிக்கட்டியைத் தேடிக் காணாமல் குறைத்தெழுதும். கரைக்கு அப்பால் அரபிக்கடலில் கடல்முறை துளியைப் பார்த்து எழுதும். இரண்டையும் ஒரே படத்தில் ஒட்டும்போது, மழை மலையில் குறைவு, கடலில் மிகுதி என்ற தலைகீழ்த் தோற்றம்கூட எழலாம்.

அப்படியானால் கடலுக்கு மெய்யான சாட்சியே இல்லையா எனின், சில உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு குறையும் உண்டு. கப்பலில் மானி வைக்கலாம். ஆனால் கப்பலின் உடல் காற்றைத் திருப்புகிறது, புயலைக் கண்டால் கப்பலே விலகிப் போகிறது. வங்கக்கடலிலும் இந்துமாக்கடலிலும் ராமா என்னும் வரிசையில் நங்கூரமிட்ட மிதவைகள் மானியோடு நிற்கின்றன. அவை கடலின் நேர்ச்சாட்சிகள். எனினும் காற்று விரைந்து வீசும்போது துளி மானியின் வாயில் விழாமல் பறந்துவிடுவதால் அவை குறைத்தே சொல்லும்; எண்ணிக்கையிலும் மிகச் சில. தீவிலே மானி வைப்போம் என்றால், பசிபிக்கின் தாழ்ந்த வளையத் தீவுகளுக்கு அது பொருந்தும். தியோமானுக்குப் பொருந்தாது, 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் காஜாங் மலை தனக்கென்று மழையை வருவித்துக்கொள்ளும். கோத்தா பாரு, குவாந்தான் முதலிய இடங்களில் உள்ள கரையோர ரேடார்கள் கடலையும் பார்க்கின்றன. ஆனால் பூமி வளைந்திருப்பதால், அரைப் பாகை உயர்த்தி அனுப்பிய அலை 200 கிலோமீட்டர் சென்றபோது கடலுக்கு 4 கிலோமீட்டர் மேலே போயிருக்கும். அங்கே கண்டது கீழே விழுந்ததா என்பதும் ஓர் ஊகமே. என் கருத்தில், கரையிலிருந்து முதல் 100 கிலோமீட்டருக்கு இந்த ரேடார்களே தலையாய சாட்சிகள். கணக்குகளை ஒப்பிடுவோர் இவற்றை இன்னும் மிகுதியாகக் கையாளாமலிருப்பது ஏனென்று விளங்கவில்லை.

வளையத் தீவுகளைப் பற்றிச் சொன்னதால் ஒன்றை இங்கே சேர்க்கிறேன். சீமாப் கணக்கு அத்தீவு மானிகளைக் கடல்மழைக்கு அளவுகோலாகச் சேர்த்துக்கொண்டது, ஜி.பி.சி.பி. சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னர் சீமாப்பில் வெப்பமண்டலக் கடல்மழை ஆண்டுக்காண்டு குறைவதாகத் தோன்றிற்று. ஆராய்ந்தபோது, உள்ளே போன சான்றுகள் மாறியதாலும் தீவு மானிகளின் குறையாலும் வந்த தோற்றம் அது என்று தெரிந்தது. மழை குறையவில்லை, கணக்கெழுதும் முறைதான் மாறிற்று. ஜி.பி.சி.பி.யிலும் 1987-க்கு முன் நுண்ணலை இல்லை. மேகத்திலிருந்து வெளிப்படும் வெப்பக்கதிரே கடலில் ஆதாரம். 1987, 1997, 2014 ஆகிய ஆண்டுகளில் கருவிகள் மாறின. நம் கடல்மேல் மழை கூடுகிறது, குறைகிறது என்று ஒருவர் கோடு வரைந்து காட்டினால், அக்கோடு வளையும் ஆண்டு இவற்றுள் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று யாரேனும் எண்ணலாம். 2014 டிசம்பரில் கிளந்தானும் திரங்கானும் பகாங்கும் வெள்ளத்தில் மூழ்கியபோது நாட்டில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த மழையைக் கொண்டுவந்த காற்று கடலைக் கடந்தே வந்தது. கரைக்கு முந்திய அந்தக் கடைசி நூறு கிலோமீட்டரில் என்ன பெய்தது என்பதை அறிந்தால், நிலத்தில் எப்போது எவ்வளவு பெய்யும் என்று முன்னறிவோர்க்கு அது கைவிளக்கு. முன்னறியும் மாதிரிகளைத் திருத்துவோர் எந்தக் கணக்கை உண்மையென்று வைத்துத் திருத்துகிறார்களோ, அந்தக் கணக்கின் பிழை அவர்கள் மாதிரியிலும் குடியேறும். ஐமெர்க்கில்கூட மூன்று படிகள் உண்டு: மழை பெய்து நான்கு மணி நேரத்தில் வருவது ஒன்று, அரைநாளுக்குப்பின் வருவது ஒன்று, மூன்று மாதத்துக்கு மேல் கழித்து மானியால் திருத்தி வருவது ஒன்று. வெள்ளத்தின்போது கையில் இருப்பது முதற்படிதான். கட்டுரைகளில் புகழப்படுவதோ பெரும்பாலும் இறுதிப்படி. அதிலும் மானித் திருத்தம் நிலத்துக்குத்தான்; கடல் திருத்தப்படாமலே நிற்கிறது. ஆகவே திருத்தம் முடிந்தபின் கரையில் தையல் இன்னும் பருத்துவிடுவதும் உண்டு.

வகுப்பறைக்கு இதனைக் கொண்டுசெல்வது கடினமன்று. தோட்டங்களில் ஆபீசு முற்றத்தில் மழைமானி வைத்து, காலைதோறும் கிராணி அளந்து அங்குலத்தில் எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. மழையில் பால்மரம் வெட்ட முடியாது. ஆதலின் மழைப்புத்தகம் செக்ரோலுக்கு அடுத்தபடி மதிப்புள்ள புத்தகம். அண்டைத் தோட்டத்துப் புத்தகமும் நம் தோட்டத்துப் புத்தகமும் ஒரே நாளில் வேறு வேறு சொல்வதைப் பெரியவர்கள் கண்டிருப்பர். ஒரே அளவான மூன்று பால்மாவு டின்களை, ஒன்றைத் திடலின் நடுவிலும், ஒன்றைச் சுவரோரத்திலும், ஒன்றைக் காற்றடிக்கும் மேட்டிலும் வைத்து, ஒரு வாரம் மாணவரைக்கொண்டு அளந்து எழுதச் செய்யலாம். மூன்றும் மூன்று எண் தரும். எது சரி என்று மாணவர் கேட்பர். சராசரி எடுத்துக்கொள் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடாமல், ஒவ்வொரு டின்னும் எதனால் அப்படிச் சொல்கிறது என்று எழுதச் சொன்னால், ஆராய்ச்சி என்பதன் முதற்படியில் பிள்ளைகள் ஏறிவிடுவர்.

படத்தை வகுப்பில் மாட்டும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படத்தின் அடியில் கணக்கின் பெயரோடு பதிப்பெண்ணையும் எழுதி வையுங்கள். ஐமெர்க்கின் ஆறாம் பதிப்பும் 2023-இல் வந்த ஏழாம் பதிப்பும் ஒரே நாளுக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. டிரம்மின் வழிவந்த 3பி42 என்னும் கணக்கு 2019 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதனை இன்றைய கணக்கென்று காட்டும் படங்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. கரையை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்குப் பென்சிலால் மெல்லிய கோடுகள் இட்டு, ‘இவ்விடத்தில் கணக்குகள் ஒத்துப்போகவில்லை’ என்று மாணவரையே எழுதச் சொல்லலாம். கோத்தா பாருவிலிருந்து மெர்சிங் வரை அந்தப் பட்டை நீளும்.